ஏற்கப்படாத நீலம்

2019ஆம் ஆண்டு பிப்ரவரி ஆறாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானில் மேகம் இல்லை. தென்கிழக்கிலிருந்து வந்த காற்றில் ஈரம் மிகுந்திருந்தது. வெப்பம் இருபத்தேழு பாகை. கடல் வற்றியிருந்ததால் ரியோ வெர்மெல்யோ மீனவர் பேட்டையின் படகுத்துறைப் பாறைகள் பாசி படிந்த அடிவரை தெரிந்தன. கடல்தாய் இயெமன்ஜாவின் திருவிழா முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாளில் ஒரு திருவிழா எந்த நிலைக்கு வருமோ அந்த நிலையில் கரை கிடந்தது.

லிண்டவுரா சாக்ரமெண்டோ மூக்கைப் பொத்தவில்லை. பொத்தினால் வாயால் மூச்சுவிட வேண்டும். அது அதைவிட மோசம். வெள்ளை ரோஜாக்கள் பழுப்புக் கூழாகி மணலோடு குழைந்திருந்தன. வாசனைத் தைலக் குப்பிகள், பிளாஸ்டிக் சீப்புகள், முகம் பார்க்கும் கண்ணாடிகள், தலை இல்லாத ஒரு பொம்மை, முகப்பவுடர் கரைந்து கெட்டித்த வெள்ளைக் கட்டிகள். இவை எல்லாம் கடலின் தாய்க்கு அன்போடு கொடுக்கப்பட்டவை. நடுவே இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. அவை இழுத்தது ஒரு துணியின் மடிப்பில் சிக்கிய மீனை. அந்தத் துணி அவள் தீட்டியது.

மீனவர் சங்கத் தலைவர் ஜில்டாசியோ பத்தடி தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஆறேழு பேரில் ஒருவரும் அதற்குமேல் நெருங்கவில்லை.

"எப்ப வந்துது அண்ணே?"

"விடியக்காலம் ஏத்தத்துல வந்திருக்கு. குப்பை அள்ற பசங்கதான் மொதல்ல பாத்தானுங்க."

"யாராச்சும் தொட்டீங்களா?"

"எதுக்குத் தொடணும் தாயி? நாம குடுத்தோம். அவ வேணாம்னுட்டா. எச்சிலைத் திரும்ப எடுக்குற வழக்கம் இங்க இல்ல."

லிண்டவுரா அருகில் போனாள். கழுகுகள் அவசரமில்லாமல் நகர்ந்தன. துணியின் மேல் பச்சை வழவழப்பும் யாருடைய பின்னலிலிருந்தோ வந்த முடிக்கற்றையும் ஒட்டியிருந்தன. மடிப்புகளுக்குள் புழுக்கள் நெளிந்தன. கால் நுனியால் ஒரு மடிப்பை விலக்கினாள். அடியில் நீலம் அப்படியே இருந்தது. வெளுக்கவில்லை, விரியவில்லை, முந்தின வாரம் பள்ளிக்கூடத்து விளக்கில் எப்படி மின்னியதோ அப்படியே வெயிலில் மின்னியது. அவளுக்குக் காரணம் அந்தக் கணமே தெரிந்தது. திரும்பி இரண்டு எட்டு வைத்து, பாறையைப் பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த காப்பியை முழுவதும் வெளியே கொட்டினாள்.

"பாவம், மனசு தாங்கல," என்றார் பின்னால் ஒருவர்.

மனசு அல்ல. ஆனால் அவள் திருத்தவில்லை.

சங்கம் ஆண்டுதோறும் கடலுக்குக் கொடுக்கும் பெரிய கூடையைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு கடற்கன்னிப் பொம்மை அலங்கரிக்கும். வெளுத்த தோல், இடுப்பைத் தாண்டிய நேர்முடி, சோப்பு விளம்பரத்தில் வரும் சிரிப்பு. ஊரில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். அவர்களின் தாய் மட்டும் எப்படியோ வெள்ளைக்காரி ஆகிவிட்டாள். இந்த ஆண்டு சங்கம் அந்தக் கன்னியை வேண்டாம் என்று முடிவு செய்து, நகராட்சிப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகளாக ஓவியம் சொல்லிக்கொடுக்கும் லிண்டவுராவிடம் கூடையைச் சுற்ற ஒரு துணி தீட்டித் தரச் சொன்னது.

அவளுடைய ஓவியங்களில் உருவம் இராது. ஒரு பூச்சு நீலம்; காய்ந்ததும் சுரண்டல்; அதன்மேல் மறுபடியும் நீலம். ஓவியக்கூடங்களுக்கு எடுத்துப் போனால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதுல தாய் எங்க இருக்கா?" அடிமைக் கப்பலிலிருந்து தள்ளப்பட்டுக் கடலடியில் கிடப்பவர்களுக்கு முகம் வரைய எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று அவள் திருப்பிக் கேட்பாள். அங்கோலாவிலிருந்து வந்த முன்னோர் கடலுக்கும் இடுகாட்டுக்கும் கலுங்கா என்ற ஒரே பெயரை வைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு பூச்சையும் பெயர் தெரியாத ஒருவருக்கு என்று எண்ணிக்கொள்வாள். இந்தத் துணிக்கு நாற்பத்தொரு பூச்சு.

சங்கம் விதித்த நிபந்தனை ஒன்றே: கடலில் கரைந்தோ மக்கியோ போகாத எதுவும் கூடாது. எனவே பருத்தித் துணி, அவுரி நீலம், சுண்ணாம்பு, மரவள்ளிக் கஞ்சி. ஏழு வாரம் வேலை. ஜனவரி முப்பதாம் தேதி, நகரின் ஓவியக்கூடம் ஒன்றின் இயக்குநர் வெரேனா, தன் விழாமலருக்காகப் படம் எடுக்க ஆளோடு வந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சாம்பல் மாதிரி விழுது செல்லம். நாளைக்கு இன்னொரு தடவை வரோம். அதுக்குள்ள கொஞ்சம் உயிர் குடுக்க முடியுமான்னு பாரு."

அவர்கள் போனபின் லிண்டவுரா பள்ளி அலமாரியைத் திறந்து, மாணவர்களுக்கான அக்ரிலிக் வார்னிஷ் புட்டியை எடுத்தாள். அது பிளாஸ்டிக் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம். ஒரு பூச்சு அடித்தாள். நீலம் விழித்துக்கொண்டது. இன்னொன்று அடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்குப் படகு கூடையோடு புறப்பட்டது. சுக்கான் பிடித்தவர் டிபூர்சியோ. பத்தொன்பது ஆண்டாக அவர்தான். கரையிலிருந்து மூன்று மைலில் கூடையை இறக்கினார்கள். இறக்கியதும் படகைத் திருப்பிவிட வேண்டும். கொடுத்ததைத் திரும்பிப் பார்ப்பது மரியாதை அல்ல. அவர்கள் பார்க்கவில்லை. கூடை மூழ்க, துணி காற்றை அடக்கிக்கொண்டு மேலே கிளம்பியதை ஒருவரும் காணவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வெரேனா ஒரு வேனோடும் இரண்டு பணியாளர்களோடும் வந்து சேர்ந்தாள். குப்பை அள்ளுபவர்களில் யாரோ கைபேசியில் எடுத்த படம் அதற்குள் நகரம் முழுவதும் சுற்றியிருந்தது. கையுறை மாட்டிக்கொண்டே ஓடிவந்தவள் துணியின் முன் மண்டியிட்டாள்.

"கடவுளே, என்ன அழகு! யாரும் துடைக்காதீங்க. அந்த முடி, அந்தப் புழு, எல்லாம் அப்படியே இருக்கட்டும். லிண்டவுரா, உனக்குப் புரியுதா? நீ ஆரம்பிச்சதை அவ முடிச்சு அனுப்பியிருக்கா!"

ஜில்டாசியோ தொப்பியைக் கழற்றிக் காற்று வீசிக்கொண்டார். "அம்மணி, இலையில வச்ச சோத்தைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனவளைப் பாத்து, சமையலுக்குக் கை குடுத்தான்னு சொல்றீங்க."

"நீங்க அதை அப்படிப் பாக்கறீங்க ஐயா. கலை வேற."

"வேறதான். நாத்தம் மட்டும் ஒண்ணு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெரேனாவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு எதுவும் உறைக்காது. பணியாளர்கள் துணியைப் பலகையில் ஏற்றினார்கள். ஒரு மடிப்பிலிருந்து கருத்த நீர் ஒழுகி அவர்களில் ஒருவனின் காலணிக்குள் இறங்கியது. அவன் கடவுளை அழைத்த விதத்தை எழுத்தில் கொண்டுவர இயலாது.

லிண்டவுரா தடுக்கவில்லை. காரணம் அவளுக்கே அருவருப்பானது: அழகு என்ற சொல். முப்பது ஆண்டாக அவள் காத்திருந்த சொல் புழுக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று வாலை ஆட்டியது.

துணியை வேன் கொண்டுபோயிற்று. கேள்வி கரையிலேயே தங்கிவிட்டது: தாய் ஏன் திருப்பி அனுப்பினாள்? கூடைப் படகில் போகிறவர்கள் மூன்று நாள் விரதம் காக்க வேண்டும். குடி கூடாது, பெண் கூடாது. காணிக்கை திரும்பியதென்றால் யாரோ விரதத்தை முறித்திருக்கிறார்கள். விழாவுக்கு முந்தின நாள் மாலை டிபூர்சியோ ஒரு பீர்ப் பெட்டியைத் தூக்கிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அது மைத்துனனின் கடைக்குத் தூக்கிய பெட்டி என்று அவர் சொன்னார். சொல்லட்டும் என்றார்கள். சனிக்கிழமை காலை சங்கம் கூடி முடிவெடுக்கும் என்று அறிவிப்பாயிற்று.

வெள்ளிக்கிழமை முற்பகல் லிண்டவுரா ஓவியக்கூடத்துக்குப் போனாள். வெரேனா அவளைத் தனியறைக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்தாள். குளிரூட்டிய காற்றோடு லாவெண்டர் மணம் முகத்தில் அடித்தது. அதற்கு ஒரு விரல்கடை கீழே அழுகிய மீனின் நாற்றம் பொறுமையாகக் காத்திருந்தது. மக்கள் தாய்க்கு என்று கடலில் ஊற்றுகிற அதே லாவெண்டர் தைலத்தை வெரேனா பீச்சாங்குழலில் ஊற்றி அடித்திருந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி மூக்கின் கீழ் களிம்பு தடவியிருந்தான்.

"டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க," என்றான் தாழ்ந்த குரலில். "சாப்பாட்டு டப்பாவைத் தொறக்க முடியல. வீட்டுக்குப் போனா பொண்டாட்டி வாசல்லயே சட்டையக் கழட்டச் சொல்றா."

துணி சுவரை அடைத்துத் தொங்கியது. பக்கத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று: "லிண்டவுரா சாக்ரமெண்டோவும் கடலும். பருத்தி, அவுரி, சுண்ணாம்பு, உப்பு, காலம்."

"காலமா?" என்றாள் லிண்டவுரா.

"நல்லா இருக்குல்ல? நானே எழுதினேன். மார்ச்சுல உன் தனிக் கண்காட்சி. மத்த படங்க எல்லாம் சுத்தி, இது நடுவுல. லிஸ்பன்லேர்ந்து ஒரு அருங்காட்சியகம் கேட்டிருக்கு."

"கேப்பாங்க. எங்க ஆளுங்களைக் கப்பல்ல ஏத்தி அனுப்பின ஊர் அது."

"பாரு, இதையும் எழுதிக்கறேன்!" வெரேனா உண்மையாகவே எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். "இது உன் படைப்புதான், இன்னின்ன பொருளால செஞ்சதுன்னு ஒரு உறுதிமொழி. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு செல்லம்."

லிண்டவுரா தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். பொருள்களின் பட்டியலில் வார்னிஷ் இல்லை. காலம் இருந்தது.

மதியம் படகுத்துறைப் பக்கம் வந்தவள், டிபூர்சியோவின் மனைவி நெய்டேயின் கடையில் ஓர் அக்கராஜே வாங்கினாள். அந்தப் பயற்றுவடை கொதிக்கிற செம்பனை எண்ணெயில் புரண்டுகொண்டிருந்தது. டிபூர்சியோ சற்றுத் தள்ளிக் கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து தூண்டில் கயிற்றின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். நெய்டே அவரைப் பார்க்காமல் அவருக்குக் கேட்கும்படி வாங்க வந்தவர்களிடம் பேசினாள்.

"மூணு ராத்திரி துரை படகுலதான் படுக்கை. விரதமாம். என் பக்கம் எட்டிப் பாக்கல, அது எனக்குத் தெரியும். அப்ப விரதம் யார் பக்கத்துல முறிஞ்சுது? அதை அந்தத் தாய்கிட்டயா போய்க் கேக்குறது?"

"நெய்டே, சத்தியமாச் சொல்றேன்..."

"சத்தியத்தை மீனுக்குச் சொல்லு. அது வாயத் தொறந்து கேக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "டிபூர்சியோ அண்ணே, அந்த வீட்டு விலாசத்தை எனக்கும் குடுங்க," என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. டிபூர்சியோ கயிற்றிலிருந்து தலை நிமிரவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர். கழுத்துவரை கறுத்துச் சிவந்து, எடுத்த சிக்கையே மறுபடியும் சிக்காக்கிக்கொண்டிருந்தார்.

லிண்டவுரா வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்திலேயே ஒரு வாக்கியம் போதும். அவளிடம் அது தயாராகவும் இருந்தது: எழுவாய், பயனிலை, ஒரு செயப்படுபொருள். அவள் வடையைத் தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வழியில் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

வீட்டில் உறுதிமொழித் தாளை மேசைமேல் விரித்து மூன்று முறை படித்தாள். அதில் எழுத்துப்பிழை இல்லை, பொருட்பிழை இருந்தது. கையெழுத்துப் போட்டால் மார்ச்சு மாதம் அவளுடைய இருபத்தேழு படங்கள் வெளிச்சம் காணும். கொல்லை அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி அடுக்கியிருக்கும் படங்கள். ஆனால் கடல் மனமுவந்து தொட்ட துணி என்று அவள் உறுதி சொல்கிற அதே வாரத்தில், ஒரு மனிதர் செய்யாத பாவத்துக்காகப் படகிலிருந்து இறக்கப்படுவார்; அவர் மனைவி செத்தாலும் அவரை நம்பமாட்டாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். லாவெண்டர் மணம் அவள் சட்டையிலிருந்தும் வந்தது. எழுந்துபோய்ச் சட்டையைச் சோப்பில் ஊறப்போட்டாள். பிறகு மீந்திருந்த தீட்டின துணித் துண்டிலிருந்து ஒரே அளவில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றுக்கு மட்டும் வார்னிஷ் அடித்துக் காயவைத்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சங்கக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். ஜில்டாசியோ பேச வாய் திறந்தபோது லிண்டவுரா எழுந்தாள்.

"அண்ணே, ஒரு வாளி கடல்தண்ணி வேணும்."

"எதுக்கு?"

"வந்ததும் தெரியும்."

வாளி வந்தது. முதல் சதுரத்தைப் போட்டாள். ஒரு நிமிடத்தில் கஞ்சி இளகி, நீரெல்லாம் நீலமாகி, துணி தளர்ந்து அடியில் போய்ப் படிந்தது. இரண்டாவது சதுரத்தைப் போட்டாள். அது மிதந்தது. விரலால் அமுக்கினாள், விட்டதும் மேலே வந்தது. இன்னொரு முறை அமுக்கினாள், மறுபடியும் வந்தது.

"ரெண்டாவதுல என்ன இருக்கு?" என்றார் ஜில்டாசியோ.

"வார்னிஷ். பிளாஸ்டிக். கூடைத் துணிக்கு ரெண்டு பூச்சு அடிச்சேன். அதான் முழுகல. டிபூர்சியோ அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

"தெரிஞ்சே அடிச்சியா?"

"தெரிஞ்சேதான்."

"கூடாதுன்னு சொல்லியிருந்தோமே. எதுக்கு?"

படம் எடுக்க வந்தவர்கள் கேட்டார்கள் என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. அவள் அந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே அடித்துத் திருத்தினாள்.

"பளபளப்பு எனக்குப் புடிச்சிருந்துது."

பின் வரிசையிலிருந்து ஒரு கிழவர் மணலில் காறித் துப்பினார். டிபூர்சியோ வாளிக்குள் பார்த்துக்கொண்டே, "நான் ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா தூக்கியிருப்பேன்," என்றார்.

"பாத்திருந்தா அது வேற தப்பு," என்றார் ஜில்டாசியோ.

வாசலில் நின்ற நெய்டே உள்ளே வந்தாள். "டீச்சரம்மா, மூணு நாளா இந்த மனுசனை வாசப்படிக்கு வெளிய படுக்க வச்சேன். நேத்து என் கடையிலதான் நின்னீங்க. நான் கத்தினதைக் கேட்டுக்கிட்டே வடை தின்னீங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

திங்கவில்லை, எறிந்துவிட்டேன் என்று லிண்டவுரா சொல்லலாம். அது பதில் ஆகாது.

அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளிருந்து சத்தம் வந்தது, ஒருமுறை சிரிப்பும் வந்தது, பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. ஜில்டாசியோ சங்கத்தின் தலைப்பிட்ட தாளோடு வெளிவந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மெதுவாகப் படித்தார். ஒன்று: டிபூர்சியோ கூடைப் படகில் தொடர்வார். இரண்டு: லிண்டவுரா சாக்ரமெண்டோ ஏழு ஆண்டுக்குக் காணிக்கைக் காரியம் எதிலும் கைவைக்கக் கூடாது. மூன்று: துணி சங்கத்தின் பேரில் கொடுக்கப்பட்டது, தாய் அதை ஏற்கவில்லை. ஏற்காதது காணிக்கையும் அல்ல, படமும் அல்ல, குப்பை. ஓவியக்கூடம் அதை உடனே திருப்பித் தர வேண்டும். அது நகராட்சிக் குப்பை வண்டியில் போகும். கடலில் போகாது.

கீழே நிர்வாகிகள் பதினொருவரின் கையெழுத்து. எழுதத் தெரியாத இருவரின் கட்டைவிரல் ரேகையும் அதில் அடங்கும்.

"உன் கையெழுத்தும் வேணும் தாயி. அப்புறம் இதை நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும். எங்களை அந்த அம்மா உள்ளயே விடமாட்டா."

லிண்டவுரா ஒரு முறை முழுவதும் படித்தாள். பொருட்பிழை இல்லை. பன்னிரண்டாவதாகத் தன் பெயரை முழுமையாக எழுதினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஓவியக்கூடத்தின் தனியறை. ஞாயிற்றுக்கிழமை குளிரூட்டி நின்றுபோயிருந்தது. லாவெண்டர் தோற்றுவிட்டிருந்தது. துணியின் கீழ் விளிம்பிலிருந்து தரையில் ஒரு மஞ்சள் குட்டை தேங்கியிருந்தது; அதைச் சுற்றி ஈக்கள். வெரேனா கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தாலும் குரலில் உற்சாகம் குறையவில்லை.

"கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கேன். ரெண்டு நாள்ல சரியாயிடும். கையெழுத்துப் போட்டாச்சா செல்லம்?"

"போட்டாச்சு."

"அருமை. லிஸ்பனுக்கு இன்னிக்கே அனுப்பிடலாம்."

"நீங்க குடுத்த தாள்ல இல்ல வெரேனா. அதைக் கிழிச்சுட்டேன்."

கைக்குட்டை மூக்கைவிட்டுச் சற்று விலகியது. "கிழிச்சுட்டியா? மார்ச்சு என்ன ஆறது? உன் மத்த படங்கள்?"

"தெரியல. துணியில பிளாஸ்டிக் பூசியிருக்கு, அதனாலதான் அது மிதந்துது. கடல் அதுல ஒண்ணும் முடிச்சு வைக்கல. குப்பை வண்டி கீழ வாசல்ல நிக்குது. பதினொண்ணரை மணிவரைக்கும்தான் நிப்பாங்களாம்."

"லிண்டவுரா, நீ யோசிச்சுத்தான் பேசறியா? இது உன்னோட..."

லிண்டவுரா பையிலிருந்து சங்கத்தின் தாளை எடுத்தாள். மடிப்புகளை நீவி, எழுத்துகள் வெரேனாவின் பக்கம் நேராக இருக்கும்படி திருப்பி, அவள் கையில் கொடுத்தாள்.